பல்செட்டோடு பத்து வருஷம்: கீழ் செட் லூஸானால் உடம்பு எடையையும் பாருங்கள்

பெங்களூரு அல்சூரில் இருக்கிறேன், எழுபதை நெருங்குகிறேன். முழுப் பல்செட் போட்டுப் பத்து வருஷத்துக்கு மேலாகிறது. மேல் செட்டில் குறையே இல்லை. அண்ணத்தில் கப்பென்று ஒட்டிக்கொள்ளும். பாடுபடுத்துவதெல்லாம் கீழ் செட்தான். பிடித்துக்கொள்ள அங்கே அண்ணம் கிடையாது, ஈறு மேட்டின்மேல் சும்மா உட்கார்ந்திருக்கும். நாக்கு வேறு தள்ளும்.

அந்த மேடும் நிலைப்பதில்லை. பல்லைப் பிடுங்கினால் வேரைத் தாங்கிய எலும்புக்கு வேலை போய்விடுகிறது, கரையத் தொடங்குகிறது. முதல் வருஷம் வேகமாக, அப்புறம் மெதுவாக, ஆனால் நிற்காமல். 1972இல் டால்கிரென் என்ற ஆய்வாளர் வெளியிட்ட 25 வருஷ ஆய்வில், கீழ்த்தாடை மேடு மேல்தாடையைவிடச் சுமார் 4 மடங்கு அதிகமாகத் தேய்ந்திருந்தது.

நடுவில் சிக்குன்குனியா வந்து நன்றாக இளைத்துவிட்டேன். பேசும்போதே கீழ் செட் எழும்பியது. மூக்குக்கும் மோவாய்க்கும் இடைவெளி குறைந்து, வாயோரம் மடிந்து, எச்சில் ஊறிப் புண்ணானது. பல் டாக்டரம்மா வாயைப் பார்க்கும் முன்பே, "எடை எவ்வளவும்மா?" என்றார். மாதவிடாய் நின்றபின் எலும்பைக் காக்கும் ஈஸ்ட்ரோஜன் குறைகிறது. உடம்பிலுள்ள கொழுப்பும் அதைக் கொஞ்சம் சுரக்கும். ரொம்ப மெலிந்தவர்களுக்கு அதுவும் குறைவு, எலும்பின்மேல் விழும் பாரமும் குறைவு. இடுப்பு, முதுகெலும்புக்கு ஆபத்து என்பது தெரிந்ததுதான், தாடையும் எலும்புதானே என்றார். செட் லூஸானால் மெல்ல முடியாது. கஞ்சியும் ரசம் சாதமுமாகப் போகும், இன்னும் இளைப்போம்.

செட்டை ரீலைன் செய்து, அதாவது உள்பக்கத்தை ஈறுக்குப் பொருந்தும்படி நிரப்பிக் கொடுத்தார், எலும்பின் அடர்த்தியைப் பார்க்கும் டெக்ஸா ஸ்கேனுக்கும் எழுதினார். செட்டை ஒட்டவைக்கும் பேஸ்ட் தடவினால் அன்றைய பொழுது ஓடும், அவ்வளவுதான்.

சாப்பாட்டில் எனக்குக் கைகொடுத்தது அவரைக்காய் சீசன். டிசம்பர், ஜனவரியில் இங்கே தெருவெல்லாம் அவரைதான். கொட்டையை இரவு ஊறவைத்து, காலையில் விரலால் பிதுக்கினால் தோல் கழன்று பருப்பு வழுக்கிக்கொண்டு வரும். குழம்பில் குழைய வேகும், மெல்லப் பாடே இல்லை, புரதமும் சேரும். மற்ற மாதங்களில் முட்டை, பனீர், கெட்டித் தயிர். எடை மெல்ல ஏறியது, சாப்பிடும் தெம்பும் திரும்பியது.

ராத்திரி செட்டைக் கழற்றித் தண்ணீரில் போட்டுவிடுங்கள், ஈறுக்கு ஓய்வு வேண்டும். கீழ்த்தாடை எலும்பில் இரண்டு இம்ப்ளான்ட் (திருகு போன்ற செயற்கை வேர்) வைத்து அதில் செட்டை மாட்டுவது நல்ல பிடிப்பு தரும். நான் செய்துகொள்ளவில்லை. எலும்புத் தேய்மானத்துக்கு மாத்திரை, ஊசி எடுப்பவர்கள் இம்ப்ளான்ட் வைக்கவோ பல் பிடுங்கவோ போகும்போது முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அந்த மருந்துகளில் சிலவற்றால் அபூர்வமாகத் தாடைப் புண் ஆறாமல் போவதுண்டு.