மணல் கல்லாகுற கணக்கு: மூணு மாடல்ல எத நம்புறது?

பாம்பன் பக்கம் கடல் வத்துன நேரத்துல கரையோரமா நடந்தா பலக பலகையா சாஞ்சு கெடக்கும்ல ஒரு கல்லு, அத ஆதிகாலத்துப் பாறைன்னுதான் நெனச்சுட்டு இருந்தேன். போன லீவுல மாமாவோட போயி ஒரு துண்ட ஒடச்சா உள்ள சிப்பி ஓட்டோட பச்சக் கலர் பாட்டில் சில்லு ஒண்ணும் சேந்து இறுகிக் கெடக்கு. "என்னடா மாப்ள, கடலே கொத்தனார் வேல பாக்குதா"ன்னாரு. அதேதான். தண்ணில கரைஞ்ச கால்சியம் கார்பனேட் மணலுக்கு நடுவுல படிஞ்சு ஒட்டிருது.

இதே வேல பூமிக்கு அடியில நடந்தா எண்ணெய், கேஸ் தங்குற எடம் அடஞ்சு போகும். நம்ம ராம்நாட்டுல எடுக்குற கேஸ்ல வழுதூர்ல கரண்ட் ஓடுதுல்ல, அந்த மாதிரி கேஸும் இப்படி மணல் இடுக்குல ஒக்காந்துருக்கதுதான். கெணறு போடுறதுக்கு முன்னாடியே எம்புட்டு எடம் மிஞ்சியிருக்கும்னு சொல்ல மூணு வழி இருக்கு.

முதல்ல ஆத்திங்கற ஆராய்ச்சியாளர் 1930ல குடுத்த ஃபார்முலா, ஆழம் கூடக் கூட போராசிட்டி, அதாவது பாறைக்குள்ள காலி எடத்தோட பங்கு, எக்ஸ்பொனென்ஷியலா கொறையும். ஈசி, எக்செல்லே போதும். ஆனா அவரு பாத்தது ஷேல்ங்கற களிப்பாறை நசுங்குறத, மணல ஒட்டுற கனிமம் (அதத்தான் சிமெண்ட்ங்கறோம்) படியுறத இல்ல. மேப்ல மொத கோடு போட ஆகும், அதுக்கு மேல இத நம்பாதீங்க.

ரெண்டாவது வால்டர்ஹாக்ங்கற ஆராய்ச்சியாளர் 90கள்ல கொண்டு வந்த, குவார்ட்ஸ் சிமெண்டா படியுறத கணக்குப் போடுற மாடல், நம்ம ஓட்டு இதுக்குத்தான். குவார்ட்ஸுக்கு மூலப்பொருளான சிலிக்கா எங்கருந்து வருதுன்னு ரொம்ப மண்டைய ஒடைக்காம, மணல் பரப்புல படியுற வேகம்தான் கடிவாளம், அந்த வேகத்த டெம்பரேச்சர் தீர்மானிக்குதுன்னு எடுத்துக்கிட்டாரு. அவரு ஃபார்முலால நம்பரப் போட்டா 100 டிகிரில 10 லட்சம் வருசத்துக்கு மைக்ரான்ல அஞ்சுல ஒரு பங்குதான் வளருது, 140 டிகிரின்னா ஏழு மடங்குக்கு மேல எகிறுது. பாட்டில் சில்ல நம்ம காலத்துலயே கல்லுக்குள்ள பொதச்ச கடலோட இத வச்சுப் பாருங்க! அதனால எந்தக் காலத்துல எம்புட்டு சூட்டுல இருந்துச்சுங்கற வரலாறு சரியா இருந்தா பாதி வேல முடிஞ்சுது. மீதிப் பாதி க்ளோரைட். மணல் மேல அந்தக் களிமண் தோல் மாதிரி சுத்திட்டா குவார்ட்ஸ் ஒட்ட எடமே கெடைக்காது, அமெரிக்காவுல டஸ்கலூசா மணக்கல்லு 6 கிலோமீட்டருக்குக் கீழயும் 20 சதவீதத்துக்கு மேல போராசிட்டியோட நிக்கிறது இதாலதான். இந்தத் தோல் எம்புட்டு மூடியிருக்குன்னு மாடலா சொல்லாது, ஒளி ஊடுருவுற அளவுக்குப் பாறைய மெலிசா சீவுன தின் செக்‌ஷன மைக்ராஸ்கோப்புல வச்சு ஒக்காந்து எண்ணித்தான் குடுக்கணும், கழுத்து வலிக்கும்.

மூணாவது ரியாக்டிவ் டிரான்ஸ்போர்ட், டஃப்ரியாக்ட் சாஃப்ட்வேர் மாதிரி. தண்ணி ஓட்டம், கெமிஸ்ட்ரி, சூடு எல்லாத்தையும் சேத்து தீக்கும். படம் கலர் கலரா வரும், மீட்டிங்குல எல்லாரும் வாயப் பொளந்துட்டுப் பாப்பாங்க. ஆனா கோடி வருசத்துக்கு முந்தின தண்ணில என்ன கரைஞ்சிருந்துச்சுன்னு யாரக் கேக்குறது? லேப்ல அளந்த ரியாக்‌ஷன் வேகமும் நெசப் பாறையில நடக்குற வேகமும் ஆயிரம் மடங்கு கூட தள்ளி நிக்கும். சும்மா நாப் திருகித் திருகி விடைய வரவச்சுரலாம், அதான் எனக்கு பயம்.

ஆனா கால்சைட்னு (அதான் கால்சியம் கார்பனேட் சிமெண்ட்) வந்தா நம்ம ஹீரோ, அந்த ரெண்டாவது மாடலே படுத்துரும். பாம்பன்லயே பாருங்க, அலை ஏறி எறங்குற பட்டையில மட்டும் கல்லு, பத்து அடி மேல பனையடியில அதே மணல் பொலபொலன்னு கெடக்கு. சூட்ட மட்டும் வச்சு இந்த வித்தியாசத்த எப்படிச் சொல்றது? தண்ணி எங்கிட்டு போச்சுங்கறதுதான் இதுல கேள்வி, அத கேக்கவாச்சும் தெரிஞ்சது மூணாவதுதான். அதனால சுண்ணாம்பு ஜாஸ்தி உள்ள மணல்னா மொதல்ல பக்கத்துல ஏற்கனவே போட்ட கெணத்துக்குள்ள கருவி எறக்கி எடுத்த டென்சிட்டி லாக் (அடர்த்தி), சோனிக் லாக்ல (ஒலி வேகம்) இறுகுன லேயர்கள குறிச்சுக்கிட்டு, அங்கருந்து எடுத்த பாறைத் துண்டோட (கோர்) ஒத்துப் பாத்துட்டு, பெறகு சிமுலேஷன் பக்கம் போங்க. குவார்ட்ஸ் மணல்னா அம்புட்டுத் தூரம் வேணாம், சூட்டு வரலாறும் இருவது தின் செக்‌ஷனும் போதும்.