சிமுலேஷன் மென்பொருள்களை இணைக்க எது சரி: பைத்தான் ஸ்கிரிப்டா, ஒர்க்ஃப்ளோ கருவியா, கப்ளிங் நூலகமா?

கேட் மாடல் (கணினியில் வரைந்த பாகம்), மெஷ் (அதைச் சிறு துண்டுகளாகப் பிரித்த வலை), பாய்வுக் கணக்கு, வலிமைக் கணக்கு என ஒவ்வொன்றையும் கையால் ஓட்டுபவர்கள் தானியக்கத்துக்கு மாற நினைத்தால் மூன்று வழிகள் இருக்கின்றன: சொந்தமாக எழுதும் பைத்தான் ஸ்கிரிப்ட், படிகளை வரிசையாக ஓட்டித்தரும் ஐசைட், மோட்ஃபிரான்டியர், ஆப்டிஸ்லாங் போன்ற ஒர்க்ஃப்ளோ கருவிகள், ஓடிக்கொண்டிருக்கும் மென்பொருள்களுக்கிடையே தரவைப் பரிமாறும் ப்ரீசைஸ் போன்ற கப்ளிங் நூலகம். முதலில் பார்க்க வேண்டியது, தரவு ஒரு திசையில் மட்டும் போகிறதா, திரும்பியும் வருகிறதா என்பதைத்தான்.

ஒரு திசை என்றால், இரண்டு மூன்று மென்பொருள்கள் வரை ஸ்கிரிப்டே போதும். செலவில்லை, மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் (Git) கருவியில் வரிக்கு வரி ஒப்பிடலாம். ஆனால் எல்லாச் சோதனைகளையும் நீங்களே எழுத வேண்டும். வலிமைக் கணக்கு மென்பொருளான அபாகஸை 'இன்டராக்டிவ்' என்ற சொல் சேர்க்காமல் அழைத்தால் வேலை பின்னணிக்குப் போய்விடும். ஸ்கிரிப்ட் காத்திராமல் அடுத்த படிக்குத் தாவி, முந்தைய ஓட்டத்தின் பழைய முடிவுக் கோப்பைப் படித்துவிடும். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் தனி ஃபோல்டர் வைத்தால் பழைய கோப்பைப் படிக்கும் சிக்கல் வராது.

இதைவிட ஆபத்தானது அலகு. பாய்வுக் கணக்கு மென்பொருளான ஓப்பன்ஃபோமில் உள்ள சிம்பிள்ஃபோம் என்ற நிரல் தருவது அடர்த்தியால் வகுக்கப்பட்ட அழுத்தம். தண்ணீர் என்றால் அதை 1000-ஆல் பெருக்க வேண்டும். மறந்தால் சுமை ஆயிரத்தில் ஒரு பங்காகி, உடைய வேண்டிய பாகமும் பத்திரமாகத் தெரியும். அபாகஸுக்கு அலகு என்பதே கிடையாது. மில்லிமீட்டர், டன், விநாடியில் மாடல் செய்திருந்தால் பாஸ்கலை மெகாபாஸ்கலாக மாற்ற வேண்டும், எஃகின் அடர்த்தியை 7.85×10⁻⁹ என்று கொடுக்க வேண்டும். கைமாறும் இடத்தில் இரண்டு பக்கமும் மொத்த விசையைக் கூட்டிப் பாருங்கள். ஒரு சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் வந்தால் ஓட்டத்தை அங்கேயே நிறுத்துவது நல்லது.

நூற்றுக்கணக்கான வடிவமைப்புகளைச் சோதிக்கும்போதுதான் ஒர்க்ஃப்ளோ கருவிக்குக் கொடுக்கும் பணம் பலன் தரும். சோதனைத் திட்டம், இணை ஓட்டம் (ஒரே நேரத்தில் பல ஓட்டங்கள்), உகப்பாக்கம் (சிறந்த வடிவத்தைத் தேடுவது) எல்லாம் அதிலேயே தயாராக இருக்கும். இரண்டு இடங்களில் மட்டும் கவனம் வேண்டும். சால்வர் (கணக்கைத் தீர்க்கும் மென்பொருள்) லைசென்ஸ் மூன்றுதான் என்றால் இணை ஓட்டத்தையும் மூன்றோடு நிறுத்துங்கள். எட்டு வைத்தால் மற்றவை லைசென்ஸ் கிடைக்காமல் விழும், அல்லது வரிசையில் நிற்கும். விழுந்த ஓட்டத்தின் தகைவைப் (ஸ்ட்ரெஸ்) பூஜ்யம் என்று பதிய விடவே கூடாது: உகப்பாக்கி அதையே மிகச் சிறந்த வடிவம் என்று நம்பி, அந்தத் திசையிலேயே தேடத் தொடங்கும். 'தோல்வி' என்றே குறிக்க வேண்டும்.

பாய்வு பாகத்தை வளைத்து, அந்த வளைவு பாய்வையே மாற்றும் என்றால் மேலே சொன்ன இரண்டும் உதவாது. ஒவ்வொரு நேரப்படியிலும் இரு சால்வர்களும் பேசிக்கொள்ள வேண்டும், அதற்குத்தான் ப்ரீசைஸ். திறமூல நூலகம்; ஓப்பன்ஃபோமுக்கும் வலிமைக் கணக்கு மென்பொருளான கால்குலிக்ஸுக்கும் அடாப்டர்கள் (இணைப்பு நிரல்கள்) உண்டு. ஒரு மெஷிலிருந்து இன்னொன்றுக்கு மதிப்புகளை மாற்றும்போது இடப்பெயர்ச்சிக்குக் கன்சிஸ்டன்ட் மேப்பிங் (மதிப்பை அப்படியே எடுப்பது), விசைக்குக் கன்சர்வேட்டிவ் மேப்பிங் (மொத்தம் மாறாமல் பகிர்வது). மாற்றிப் போட்டால் மொத்த விசை பிசகும். ரத்தக்குழாய் போல திரவமும் சுவரும் ஏறத்தாழ ஒரே அடர்த்தியில் இருந்தால் எக்ஸ்ப்ளிசிட் கப்ளிங்கில் (ஒரு நேரப்படிக்கு ஒரே முறை பரிமாறுவது) கணக்கு சிதறிவிடும், நேரப்படியைக் குறைத்தாலும் சரியாகாது. அங்கே இம்ப்ளிசிட் கப்ளிங் (இரு பக்கமும் ஒத்துப்போகும்வரை ஒவ்வொரு நேரப்படியையும் திரும்பத் திரும்பக் கணக்கிடுவது) வேண்டும்; அது சீக்கிரம் முடிய குவாசி-நியூட்டன் முடுக்கம் என்ற கணித முறை உதவும்.

இன்னும் முடிவு செய்யவில்லை என்றால் ஸ்கிரிப்டில் தொடங்குங்கள். ஒவ்வொரு படியையும் தனித்தனிக் கட்டளையாக, உள்ளீடு ஒரு கோப்பு, வெளியீடு ஒரு கோப்பு என்று எழுதிவையுங்கள். பின்னால் ஒர்க்ஃப்ளோ கருவி வாங்கினாலும் அதே கட்டளைகளை அப்படியே அதில் செருகலாம்.