கால் மாத்திரையோடு 14 மாதம்

நேற்று இரவு தோழி ஒருத்தி குரல் பதிவு அனுப்பியிருந்தாள். என் பூனை ஜமீனைப் போலவே அவள் வீட்டுப் பூனைக்கும் சர்க்கரை. இரண்டு நாளாகக் கிண்ணத்தை முகர்ந்துவிட்டு அப்படியே போய்விடுகிறதாம். "உங்க ஜமீனுக்கு ஏதோ பசி மாத்திரை குடுப்பியே, அது நல்லதாடி?"

முதலில் ஆட்டோ பிடி, டாக்டரிடம் போ என்றேன். பூனை இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தாலே ஈரலில் கொழுப்பு சேர்ந்துவிடும். சர்க்கரைப் பூனை என்றால் ரத்தத்தில் கீட்டோன் என்ற அமிலம் ஏறிவிடுமோ என்ற பயம் வேறு. ஆனால் மாத்திரை நல்லதா என்ற கேள்விக்குப் பதில் சொல்ல ஆரம்பித்தால் எனக்குத் திட்டுதான் முதலில் வருகிறது. அதனால் எழுதிவிடுகிறேன்.

மாத்திரையின் பெயர் மிர்டாசபின். மனுஷர்களுக்கு மனச்சோர்வுக்குக் கொடுப்பது. பூனைக்குப் பசியைக் கிளப்பும். முதல் தடவை மருந்துக்கடைப் பையன் சீட்டைப் பார்த்துவிட்டு, "தூக்கமே வரலையா மேடம்?" என்று இரக்கத்தோடு கேட்டான். "பூனை, ஆண், 11 வயது" என்று எழுதியிருந்ததை அப்புறம்தான் படித்தான். விலை பெரிதில்லை. ஜமீனுக்கு டாக்டர் எழுதியது 7.5 மில்லிகிராம் மாத்திரையில் கால் பங்கு, ஒரு நாள் விட்டு ஒரு நாள். அவனாகப் பசித்துச் சாப்பிட்டால் அன்றைக்கு வேண்டாம்.

அந்தக் கால் பங்குதான் என் பிரச்சினை. முழு மாத்திரையே துவரம்பருப்பைவிடக் கொஞ்சம் பெரிசு, அவ்வளவுதான். முதல் வெட்டு ஒழுங்காக விழும். இரண்டாவது வெட்டில் ஒரு துண்டு எகிறி ஃபிரிட்ஜுக்கு அடியில் போகும், இன்னொன்று மாவாகும். பிளேடு, காய் நறுக்கும் கத்தி, மாத்திரை வெட்டும் டப்பி இரண்டு, எல்லாம் பார்த்தாயிற்று. துண்டு கொஞ்சம் பெரிதாக விழுந்த நாளில் வீடு முழுக்க நடந்து நடந்து கத்துவான். சிறிதாக விழுந்தால் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பான். அமெரிக்காவில் இதே மருந்து காது மடலின் உட்புறம் தடவும் களிம்பாக, பூனைக்கென்றே, 2018-லேயே ஒப்புதல் வாங்கி விற்பனைக்கு வந்துவிட்டது. கையுறை மாட்டிக்கொண்டு தடவினால் வேலை முடிந்தது. நான் கேட்ட கடைகளில் எதிலும் கிடைக்கவில்லை. அதை நினைத்தால் டப்பியைத் தூக்கி வீசலாம் போல இருக்கும்.

சரி, நியாயமாகவும் பேச வேண்டும். முதல் நாள் தெரியாமல் இரவு 9 மணிக்குக் கொடுத்தேன். விடிகாலை 4 வரை பஸ் கண்டக்டர் குரலில் கத்தினான். ஆனால் அந்த இரவில்தான், ஐந்து நாளுக்குப் பிறகு, தானாக வந்து 90 கிராம் சாப்பிட்டான். போதாமல் தேங்காய்த் துருவியையும் நக்கிக்கொண்டிருந்தான். நான் சமையலறையில் உட்கார்ந்து அழுதேன். அதிலிருந்து மாத்திரை காலையில்தான்.

ஆனால் தோழிக்குச் சொல்ல வேண்டியது வேறு. அந்த ஐந்து நாளில் முதல் மூன்றை நான் வீணாக்கினேன். இவனுக்கு நாக்கு நீளம், சாப்பாடு பிடிக்கவில்லை என்று நினைத்து நெத்திலி, கோழி, நாலு விதப் பாக்கெட் என்று மாற்றி மாற்றி வைத்தேன். அவனோ கிண்ணத்துக்கு வருவான், முகர்வான், உதட்டை நக்குவான், எச்சில் விழுங்குவான். பிறகு வலது கையால் தரையைப் பிராண்டிக் கிண்ணத்தை மண் போட்டு மூடுவதுபோல மூடுவான். "என்ன கொழுப்பு பாரு" என்று சிரித்து வீடியோகூட எடுத்தேன். அது கொழுப்பு இல்லை, குமட்டல். பசி இருக்கிறது, வாசனை பட்டதும் வயிறு புரட்டுகிறது. காரணம் கணைய வீக்கம். சர்க்கரைப் பூனைகளுக்கு அது அடிக்கடி சேர்ந்தே வருமாம்.

முதலில் வாந்தியை நிறுத்தும் மரோபிடன்ட் ஊசி போட்டார்கள். வாந்தி நின்றது, உதடு நக்குவது நிற்கவில்லை. வாந்தியும் குமட்டலும் ஒன்றில்லை என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. குமட்டலை அடக்கும் ஒண்டான்செட்ரான் 4 மில்லிகிராம் மாத்திரையில் பாதி, காலையும் மாலையும் சேர்த்த பிறகுதான் கிண்ணத்தை மூடுவது நின்றது. அது உடைக்கச் சுலபம், கசப்போ பயங்கரம். வெறுமனே வாயில் போட்டால் வாயெல்லாம் நுரை தள்ளுவான். நாலாம் நம்பர் காலி கேப்ஸ்யூலில் அடைத்துப் போட்டு, பின்னாலேயே சிரிஞ்சில் கொஞ்சம் தண்ணீர் விடுவேன். இல்லாவிட்டால் மாத்திரை உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டு புண்ணாக்கும். பிறகு அரை மணி கழித்து, கிண்ணத்தை வெந்நீரில் வைத்து இளஞ்சூடாக்கிய சாப்பாடு. குமட்டலை அடக்காமல் பசியை மட்டும் கிளப்பிவிட்டால் பாவம், அது இரண்டு பக்கமும் இடிபடும்.

சர்க்கரை இல்லாத பூனை என்றால் இவ்வளவு பதற வேண்டாம். இங்கே காலை 7, மாலை 7 இன்சுலின் காத்திருக்கிறது. சாப்பிடாதவனுக்கு முழு அளவு போட்டால் சர்க்கரை தரைதட்டும். பயந்துபோய் ஊசியையே நிறுத்தினால் கீட்டோன் ஏறும். முதலில் சாப்பாடு, பிறகு ஊசி. பாதிக்குக் குறைவாகச் சாப்பிட்டால் எவ்வளவு, ஒன்றுமே தொடாவிட்டால் எந்த எண்ணுக்குப் போன் என்று டாக்டர் எழுதிக் கொடுத்ததை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறேன். அது ஜமீனுக்கான கணக்கு, யாருக்கும் படம் எடுத்து அனுப்புவதில்லை. சமையலறைத் தராசு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். "ஏதோ கொஞ்சம் சாப்பிட்டான்" என்பது எனக்கு 60 கிராமாகத் தோன்றும், தராசில் பார்த்தால் 15.

ஆலோசனைகளுக்குக் குறைவில்லை. பிள்ளைகளுக்குப் பசியெடுக்கக் கொடுக்கும் சைப்ரோஹெப்டடின் சிரப்பைக் கொடுத்தால் என்ன என்றார் அத்தை. பூனைகளுக்கும் அந்த மருந்தைக் கொடுத்திருக்கிறார்கள்தான். ஆனால் மிர்டாசபின் அளவு மீறிப்போனால் அதை முறிக்கக் கொடுப்பதே சைப்ரோஹெப்டடின்தான். இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் ஒன்றை ஒன்று தின்றுவிடும். வெளிநாட்டில் இருக்கும் நண்பர் பசியைத் தூண்டும் கேப்ரோமோரலின் என்ற திரவ மருந்து வாங்கி வருவதாகச் சொன்னார். அது ரத்தச் சர்க்கரையை ஏற்றும், இவனுக்கு வேண்டவே வேண்டாம் என்று டாக்டர் முடித்துவிட்டார்.

14 மாதத்தில் 4.1 கிலோவிலிருந்து 5.3 வந்திருக்கிறான். முதுகெலும்பு கையில் தட்டுவதில்லை. இவ்வளவு செய்த மாத்திரைக்கு எத்தனை மதிப்பெண் என்றால் ஐந்துக்கு இரண்டு. அதில் ஒன்று ஒண்டான்செட்ரானுக்குச் சேர வேண்டியது. யாராவது அந்தக் களிம்பை ஊருக்குள் கொண்டுவரும்வரை நான் இறங்கி வருவதாக இல்லை.

இன்று காலை இரண்டாவது வெட்டில் மூன்று துண்டாயிற்று. எது கால் பங்கு என்று ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். காலடியில் கத்தல் ஆரம்பித்துவிட்டது. மாத்திரை இன்னும் உள்ளே போகவே இல்லை. 70 கிராம் வைத்தேன், மிச்சம் 4. துண்டுகளைத் திரும்ப டப்பிக்குள் போட்டு மூடினேன்.