கேமராவா, வீடு தேடி வரும் வண்டியா?

கண்ட இடத்தில் குப்பை கொட்டுவதைத் தடுக்க, கேமரா வைத்து அபராதம் விதிப்பதா, பழைய மெத்தை, சோபா போன்றவற்றை வீட்டுக்கே வந்து இலவசமாக எடுத்துச் செல்வதா என்று உள்ளாட்சி மன்றங்கள் தயங்குவதுண்டு.

செலவு: கேமராவுக்குத் தொடக்கத்தில் அதிகம், வண்டிக்கு எரிபொருளும் ஆள்கூலியும் ஓயாது.

பலன்: கேமராவில், இரவில் முகப்பு விளக்கின் கூச்சத்தில் குப்பை கொட்ட வந்த வாகனத்தின் எண் வெளிறிப்போனால் வழக்கு நிற்காது; தெளிவாகத் தெரிந்தாலோ, குப்பை அடுத்த தெருவுக்கு நகர்ந்துவிடுவதும் உண்டு. வண்டி, கொட்டுவதற்கான காரணத்தையே குறைக்கிறது. ஆனால் முன்பதிவு செய்தவரை வாரக்கணக்கில் காக்க வைத்தால், அந்த மெத்தை தெருவுக்குத்தான் வரும்.

காசு வாங்கிக்கொண்டு கட்டட இடிபாடுகளை லாரி லாரியாகக் கொட்டுவோருக்குக் கேமராவும் வாகனப் பறிமுதலும் பொருந்தும். சொந்த வாகனமில்லாத வாடகைக் குடும்பங்கள் மிகுந்த பகுதிக்கு, என் கணிப்பில், வண்டியே சரி.