போட்டோவ வச்சு பழைய கட்டடம் கண்டுபுடிக்கிறது: மூணு வருஷ அனுபவம்

நான் இருக்கிறது இலங்கை மலைநாட்டுல, டிக்கோயா பக்கம். போட்டோ காட்டினா என்ன எடம்னு சொல்ற ஆப்ப மூணு வருஷமா பாவிக்கிறேன். தாத்தா விட்டுட்டுப் போன தகரப் பெட்டியில நூத்துக்கும் மேல கறுப்பு வெள்ளை போட்டோ, ஒண்ணுலயும் பின்னாடி எழுத்து இல்ல, அதுக்காகத்தான் ஆரம்பிச்சேன்.

பேர்போன எடம்னா டக்குனு சொல்லிருது. நுவரெலியா போஸ்ட் ஆபீஸ், 1894ல கட்டின செங்கல் கட்டடம், பாதி மறைஞ்ச படத்துலயே கண்டுபுடிச்சிச்சு. ஆனா அப்புத்தளை அடிஷம் பங்களாவ மூணு தடவை இங்கிலாந்து வீடுன்னு சொல்லிச்சு. வில்லியர்ஸ்னு ஒரு வெள்ளக்கார தொரை 1931ல அங்கத்த வீடு மாதிரியேதான் கட்டினாரு, ஆப்புக்கு கல்லும் ஜன்னலும்தான தெரியும். தள்ளி நின்னு மலையும் சேந்து வர்ற மாதிரி எடுத்தப்புறம்தான் சரியா சொல்லிச்சு.

ரொம்ப நாள் மண்டைய கொழப்பினது ஒரு கல்லு சர்ச். தாத்தா வாசல்ல நிக்கிறாரு. ஆப் காட்டினதெல்லாம் வெளிநாட்டு சர்ச். எனக்கு எங்க டிக்கோயா வோர்லி சர்ச்சோன்னு சந்தேகம், தினம் பஸ்ல பாக்கிறதுதான், ஆனா இப்ப அதுக்குப் பின்னாடி காசல்ரீ டேம் தண்ணி இருக்கு, படத்துல தண்ணியே இல்ல, வெறும் பள்ளத்தாக்கு. அப்புறம்தான் உறைச்சிச்சு, சர்ச் 1878லயே வந்திருச்சு, டேம் முடிஞ்சது 1965லதான். நெட்ல இருக்கிற படம் முக்காவாசி தண்ணியோட சேத்து எடுத்தது, அதோட ஒப்பிட்டுப் பாத்துத்தான் ஆப் கோட்டை விட்டிருக்கு. நேர்ல போயி ஜன்னல ஒவ்வொண்ணா வச்சுப் பாத்தேன், அதே சர்ச்தான். அப்ப தாத்தாவுக்கு முப்பது வயசு கூட இருந்திருக்காது. அந்த வாசல்ல ரொம்ப நேரம் நின்னேன்.

சிலைக்கு அவ்வளவா ஒத்து வராது. அப்புத்தளை பக்கம் லிப்டன் சீட்ங்கிற மலை உச்சியில ஒக்காந்திருக்கிற, டீ வியாபாரி லிப்டன் சிலையோட முகத்த மட்டும் கிட்ட எடுத்தா யாரோ மீசக்காரர் பேரெல்லாம் வருது, பெஞ்சோட முழுசா எடுத்தா சரி. பீடத்துல எழுத்து இருந்தா அத முதல்ல எடுங்க, காலையில சாய்வா வெளிச்சம் விழும்போது எடுத்தா தேஞ்ச எழுத்தும் தெரியும்.

எனக்கு மனசு கஷ்டமா இருக்கிறது எங்க தோட்டத்து விசயத்துலதான். பழைய ஸ்டோரு (தேயிலை பாக்டரி), மாரியம்மன் கோயில், லயம் (தொழிலாளிங்க வரிசை வீடு) எதக் காட்டினாலும் தேயிலைத் தோட்டம்னு மட்டும் வருது. தொரை கட்டின பங்களாவுக்கு பேரும் வருஷமும் இருக்கு, எங்க ஆளுங்க சம்பளத்துல காசு போட்டு கட்டின கோயிலுக்கு நெட்ல ஒரு பேர் கூட இல்ல. அதனால இப்ப ஞாயித்துக்கெழமையானா பெட்டிய தூக்கிட்டு லயத்துக்குப் போயி வயசானவங்க கிட்ட காட்டி கேட்டு எழுதுறேன். போன வாரம் எண்பது தாண்டின ஒரு அம்மாயி ஸ்டோரு படத்த பாத்த ஒடனே, கொழுந்து நிறுக்கிற எடத்துல நிக்கிற நாலு பேரு பேரயும் சொன்னாங்க. இன்னும் நாப்பத்திரண்டு படம் பாக்கி.