இபி-1ஏ மனு நிராகரிக்கப்பட்டால்: மேல்முறையீடா, புதிய மனுவா?

எச்-1பி என்ற தற்காலிக வேலை விசாவில் அமெரிக்காவில் பணிபுரிந்தபடி, இபி-2 என்ற கிரீன் கார்டு பிரிவின் வரிசையில் ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும் இந்தியப் பொறியாளர்களும் ஆய்வாளர்களும், நிறுவனத்தின் துணையின்றி அசாதாரணத் திறமையாளர்களுக்கான இபி-1ஏ பிரிவில் தாமே ஐ-140 என்ற கிரீன் கார்டு மனுவைத் தாக்கல் செய்வது இன்று பரவலாகிவிட்டது. அம்மனு நிராகரிக்கப்பட்டால் மேல்முறையீடு, நிராகரித்த குடியேற்ற அலுவலகத்திடமே மறுதிறப்பு அல்லது மறுபரிசீலனைக் கோரிக்கை, புதிய மனு, நீதிமன்றம் என நான்கு வழிகள் உண்டு. நான் புதிய மனுவைத் தேர்ந்தேன். என்னைப் போல ஏற்கெனவே ஏற்கப்பட்ட ஓர் இபி-2 மனுவைக் கையில் வைத்திருப்பவர்களுக்கு இன்றும் அதையே பரிந்துரைப்பேன்.

கட்டணமும் கால அளவும் எளிதில் சொல்லிவிடக்கூடியவை. மேல்முறையீட்டுக்கும் மறுதிறப்புக்கும் ஐ-290பி என்ற ஒரே படிவம்தான். முடிவு வெளியான நாளிலிருந்து 30 நாட்களுக்குள், முடிவு தபாலில் அனுப்பப்பட்டிருந்தால் 33 நாட்களுக்குள், அது உரிய அலுவலகத்தைச் சென்றடைந்திருக்க வேண்டும். 2024 ஏப்ரல் கட்டண உயர்வின்படி அதற்கு 800 டாலர். தாமே மனுச் செய்பவரின் புதிய ஐ-140க்கு 715 டாலரும் கூடுதலாக 300 டாலரும். புதிய மனுவுக்குத் தனிக் கட்டணம் செலுத்தினால் 15 வேலை நாட்களில் பதில் வரும். அந்த விரைவு வசதி ஐ-290பிக்குக் கிடையாது. மேல்முறையீடு முதலில் நிராகரித்த அலுவலகத்துக்கே சென்று, அங்கு 45 நாட்களில் முடிவு மாறாவிட்டால், ஏஏஓ என்று சுருக்கி அழைக்கப்படும் நிர்வாக மேல்முறையீட்டு அலுவலகத்துக்குப் போகிறது. கோப்பு வந்து சேர்ந்தபின் 180 நாட்களுக்குள் முடிப்பது ஏஏஓவின் இலக்கு.

ஆனால் எந்த வழி என்பதைத் தீர்மானிக்க வேண்டியது பணமோ வேகமோ அன்று. ஆதாரம் எந்தத் தேதியில் நிலைநிறுத்தப்படுகிறது என்பதே. மனுத் தாக்கல் செய்த நாளன்றே மனுதாரர் முழுத் தகுதி பெற்றிருக்க வேண்டும் என்பது விதி. 1971ஆம் ஆண்டின் கட்டிக்பாக் என்ற குடியேற்ற வழக்கின் முடிவு முதல் இன்றுவரை அது மாறவில்லை. ஆகவே மேல்முறையீட்டிலும் மறுதிறப்பிலும், தாக்கலுக்குப் பின் வெளிவந்த கட்டுரை, கூடிய மேற்கோள்கள், கிடைத்த விருது, உயர்ந்த சம்பளம் எவையும் கணக்கில் வாரா. ஓர் எடுத்துக்காட்டு: இபி-1ஏ தகுதிக்கான பத்து அளவுகோல்களில் ஒன்றான, பிறர் ஆய்வுகளை மதிப்பிட்டதற்கான அளவுகோலில், ஆய்விதழ் அனுப்பிய அழைப்பு மின்னஞ்சல் மட்டும் போதாது, மதிப்பீட்டை முடித்துக் கொடுத்ததற்குச் சான்று வேண்டும். தாக்கலுக்கு முன்பே முடித்த மதிப்பீடுகளை உறுதிசெய்து ஆய்விதழின் ஆசிரியர் இன்று ஒரு கடிதம் தந்தால், கடிதம் புதிது, செயல் பழையது. மறுதிறப்புக்கு அது பொருந்தும். தாக்கலுக்குப் பின் செய்த மதிப்பீடுகளைக் குறிக்கும் கடிதமோ, எவ்வளவு சிறப்பாக எழுதப்பட்டிருந்தாலும், அங்கே பயன்படாது. அதற்கு இடமளிப்பது புதிய மனு ஒன்றுதான். மேலும், கூடுதல் ஆதாரம் கேட்டு வந்த ஆர்எஃப்இ கடிதத்துக்குப் பதிலளித்தபோது கொடுக்காமல் விட்ட ஆவணத்தை மேல்முறையீட்டில் முதன்முறையாக வைத்தால், 1988ஆம் ஆண்டின் சொரியானோ முடிவைக் காட்டி அதை ஒதுக்கிவிடுவார்கள்.

இதனால்தான் நிராகரிப்புக் கடிதத்தைப் பத்தி பத்தியாகப் பிரித்துப் படிக்க வேண்டும் என்கிறேன். 2010ஆம் ஆண்டின் கசாரியன் தீர்ப்புக்குப் பிறகு இம்மனுக்கள் இரண்டு படிகளில் ஆராயப்படுகின்றன: பத்து அளவுகோல்களில் மூன்றேனும் நிறைவேறியுள்ளனவா என்பது முதற்படி; எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் துறையின் உச்சியில் இருப்பவர்தானா என்பது இரண்டாம் படி. கோப்பில் ஏற்கெனவே இருந்த தாள் பார்க்கப்படாமல் முதற்படியிலேயே மனு விழுந்திருந்தால், மேல்முறையீட்டுக்கு உண்மையான வலு உண்டு. இரண்டாம் படியில் விழுந்திருந்தால், அதே தாள்களைக் கொண்டு வேறொருவரின் மதிப்பீட்டை மாற்ற முயல்வது மிகக் கடினம். ஏஏஓ கோப்பை முதலிலிருந்து புதிதாக ஆராய்வதால், கீழே ஏற்கப்பட்ட அளவுகோலும் அங்கே கைநழுவ வாய்ப்புண்டு. அவ்வலுவலகம் இணையத்தில் வெளியிடும் முடிவுகளைத் தொடர்ந்து படித்தவர்களுக்கு, தள்ளுபடியாகுபவையே மிகுதி என்பது தெரிந்திருக்கும்.

மேல்முறையீட்டின் பெரிய ஈர்ப்பு கிரீன் கார்டு வரிசையில் ஒருவரின் இடத்தைக் குறிக்கும் முன்னுரிமைத் தேதியைக் காப்பாற்றுவது. நிராகரிக்கப்பட்ட மனு எந்தத் தேதியையும் தராது. வென்றால் மட்டுமே பழைய தாக்கல் நாள் நிற்கும். ஆனால் முந்தைய நிறுவனம் வழியாக இபி-2 மனு ஏற்கப்பட்டிருந்தால், மோசடி போன்ற காரணங்களால் அது ரத்தாகாதவரை, அதன் தேதியையே புதிய இபி-1ஏ மனுவுக்கும் கொண்டுசெல்லலாம். இபி-1ஏ நிராகரிப்பு அந்தப் பழைய மனுவைத் தொடுவதும் இல்லை. ஏற்கப்பட்ட அந்த மனுவைக் கொண்டு ஆறாண்டு வரம்புக்குப் பிறகும் எச்-1பியை மூன்றாண்டு மூன்றாண்டாக நீட்டிக்கலாம் என்பதால், எனக்கு அவசரமும் இருக்கவில்லை. எனவே நல்ல ஆதாரங்கள் சேரும்வரை பொறுத்திருந்து, பிறகே மீண்டும் தாக்கல் செய்தேன். புதிய படிவத்தில் முந்தைய மனுவைப் பற்றிய கேள்வி வரும். அதை மறைக்கக் கூடாது. முன்பு சுட்டப்பட்ட ஒவ்வொரு குறைக்கும் இம்முறை நேரடியாக விடை சொல்லியிருக்க வேண்டும். அதே கோப்பை மறுபடி அனுப்புவது வீண்.

நீதிமன்ற வழி நான் சென்றறியாதது. 1993ஆம் ஆண்டின் டார்பி தீர்ப்பின் அடிப்படையில் ஏஏஓவுக்குப் போகாமலே கூட்டாட்சி நீதிமன்றத்தை நாடலாம், பொதுவாக ஆறாண்டு அவகாசமும் உண்டு. ஆயினும் நீதிபதி பார்ப்பது பழைய கோப்பை மட்டுமே என்பதால், ஆதாரத் தேதியின் சிக்கல் அங்கும் தொடர்கிறது.

முந்தைய மனு எதுவும் இல்லாதவர்களுக்கு, அதிலும் எச்-1பி ஆறாம் ஆண்டு முடியப்போகிறவர்களுக்கு, கணக்கு முற்றிலும் வேறு. நிராகரிக்கப்பட்ட மனு தாக்கலாகி 365 நாட்கள் கடந்திருந்து எச்-1பியின் ஓராண்டு நீட்டிப்புக்கு அதையே நம்பியிருந்தால், மேல்முறையீட்டுக்கான அவகாசம் இருக்கும்வரையிலும், மேல்முறையீடு நிலுவையில் இருக்கும்வரையிலும், அந்நிராகரிப்பு இறுதியானதாகக் கருதப்படுவதில்லை; அதனால் நீட்டிப்புக்கு அம்மனு தொடர்ந்து உதவும். அவர்கள் 30 நாட்களை நழுவவிடாமல் மேல்முறையீட்டைத் தாக்கல் செய்து, அது நிலுவையில் இருக்கும்போதே புதிய மனுவையும் அனுப்பலாம். இரண்டையும் ஒருசேர நடத்த விதிகளில் தடையில்லை.