சாட்ஸ்வர்த்ல கேமரா ரிப்பேர் பண்ற அண்ணன், நம்பி கூப்பிடலாம்

தென்னாப்பிரிக்கா டர்பன் ஊர்ல, சாட்ஸ்வர்த் ஏரியாவுல அம்மா வீட்டு கேட் கேமரா போன மாசம் மக்கர் பண்ண ஆரம்பிச்சுது, பகல்ல மங்கலா ஏதோ தெரியும், ராத்திரி ஆனா சுத்தமா கருப்பு. அம்மா தனியா இருக்காங்க, எனக்கு தூக்கமே வரல. முதல்ல கேட்ட கடையில கழட்டிக்கூட பாக்காம புதுசு வாங்குங்கன்னு சொல்லிட்டாங்க, மனசு விட்டுப்போச்சு.

அப்புறம்தான் இந்த அண்ணன் வந்தாரு. கேமராவ தொடவே இல்ல, நேரா அடாப்டர்ல மீட்டர் வச்சாரு, 12 வோல்ட் வரவேண்டிய இடத்துல 9 தான் வருது. ராத்திரி இன்ஃப்ராரெட் லைட் எரியும்போது கரண்ட் கூட இழுக்கும், வீக்கான அடாப்டர் தாங்காதுமான்னு அம்மாவுக்கு புரியற மாதிரி சொன்னாரு. லோட்ஷெட்டிங், அதான் முறை வச்சு பண்ற கரண்ட் கட், முடிஞ்சு கரண்ட் திரும்ப வர்றப்போ திடீர்னு வோல்டேஜ் ஏறி அடிக்கற சர்ஜ்ல அடாப்டர் இப்படி கெட்டுப்போகுமாம். அடாப்டர மாத்திட்டாரு. ஒயர் ஜாயிண்ட்ல வேற பச்சை பூத்திருந்துச்சு, கடல் காத்து ஊரு இல்லையா, அதையும் வெட்டி புதுசா போட்டு தண்ணி போகாத டப்பாக்குள்ள வச்சுட்டாரு.

மொத்தம் 350 ராண்ட். ரெண்டு மணி நேரம் லேட்டா வந்தாரு, அது ஒண்ணுதான் குறை, ஆனா முன்னாடியே போன் பண்ணி சொல்லிட்டாரு. இப்ப ராத்திரி கேட் பளிச்சுன்னு தெரியுது.